சீர்சக்கர் நெய்த வாரம்

கண்ணு,

போன வாரம் கல்யாணத் துணி எடுக்கக் கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவுக்குப் போயிருந்தோம். மதுக்கரையிலிருந்து சுமதியும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். பட்டெல்லாம் எடுத்து முடித்துவிட்டு நாங்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, சுமதி மட்டும் மெல்ல எழுந்துபோய்ச் சட்டைத் துணி அடுக்கியிருந்த பக்கம் நின்றாள். பம்பாயில் நீ வேலைக்குப் போட்டுக்கொள்ள அவள் கையால் ஒரு சட்டைக்கு எடுக்கவேண்டுமாம். அவள் கை எதன் மேல் போய் நின்றது என்று நினைக்கிறாய்? வெள்ளையும் நீலமுமாகப் பட்டை போட்ட பருத்தித் துணி. ஒரு பட்டை வழவழப்பு, அடுத்த பட்டை சுருங்கிப் பொரிபொரியாக. "ஏனுங்கத்தை, இது துவைச்சுச் சுருங்கிப்போச்சுங்களா, இல்ல நெய்யறதே இப்படித்தானுங்களா?" என்று கேட்டாள். கடைப் பையன், "அது சீர்சக்கருங்க" என்றான். "அப்படின்னா என்னங்க அர்த்தம்?" என்றாள். "பேருங்க. பேருக்கு ஏதுங்க அர்த்தம்?" என்றான் அவன். நான் கடை என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். சம்பந்தியம்மா என்னவோ ஏதோவென்று என் முகத்தையே பார்த்தார்கள்.

பெயரின் அர்த்தத்தை மட்டும் அவளுக்குச் சொன்னேன். அந்தப் பெயர் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரத்தில் என்னென்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. அது நீ உன் பெண்டாட்டிக்குச் சொல்லவேண்டிய கதை. ஆனால் அதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதி என்னிடம் இருக்கிறது. அதைக் கல்யாணத்துக்கு முன்னால் உன்னிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. அங்கே இங்கே போவேன், பொறுத்துக்கொள்.

நீயும் உங்கப்பாவும் பேச்சை விட்டது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. சண்டை என்று ஒன்று நடக்கவேயில்லை. நீ டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்து வந்த புதிது. நம் தறிக்குடோனில் தறி பழுது பார்க்கிற ஃபிட்டர் இருந்தார், ஊடை நூல் சுற்றுகிற பெண்கள் இருந்தார்கள். அத்தனை பேர் காதுபட, "இந்த மாதிரி எல்லாம் இப்ப யாரும் தறி ஓட்டறதில்லீங்கப்பா. உங்க காலம் முடிஞ்சுபோச்சுங்க" என்றாய். நம் ஊரில் ஒருத்தரைக் குத்தினாலும் 'ங்க' போட்டுத்தான் குத்துவோம். அவர் கையிலிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, நியூஸ் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம், "நாளைக்கு அவன ஈரோட்டுக்குப் போயி நூலு பாத்துட்டு வரச்சொல்லு" என்றார். நீ கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். அவர் சொன்னது உன் காதில் விழாமல் இருக்க நீ செவிடாகத்தான் இருக்கவேண்டும். ஆனாலும் நான் என்னமோ வெளியூரிலிருந்து சேதி கொண்டுவந்தவள் மாதிரி உன் பக்கம் திரும்பி, "அப்பா உன்னைய நாளைக்கு ஈரோட்டுக்குப் போகச் சொன்னாங்க கண்ணு" என்றேன். "சரின்னு சொல்லுங்கம்மா" என்றாய். "சரிங்கறான்" என்று அவர் பக்கம் திரும்பினேன். அன்றைக்குத் தொடங்கியது.

அப்புறம் அதுவே வீட்டு வழக்கமாகிப்போனது. ரசம் வேண்டுமா என்பதிலிருந்து தறிக்கு எந்த நம்பர் நூல் போடுவது என்பதுவரை எல்லாம் என் வழியாகத்தான். நம் சனத்தில் இது ஒன்றும் புதுசில்லை. அப்பனும் மகனும் நேரே பேசாமல் நடுவில் ஒருத்தியை வைத்து ஓட்டுகிற வீடுகள் எத்தனையோ உண்டு. அதைக் குறையாகக்கூட யாரும் நினைப்பதில்லை, மரியாதை என்பார்கள். எனக்கும் முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒரு துரும்பு அசையாது என்று நினைத்துக்கொள்வேன். அவர், "அந்தப் பெரிய மனுசனுக்கு அறிவு இருக்குதான்னு கேளு" என்றால், நான் உன்னிடம், "இன்னொருக்கா யோசிச்சுப் பாக்கச் சொன்னாங்க" என்பேன். நீ, "அவருகிட்டச் சொன்னா மட்டும் வெளங்கவா போகுது" என்றால், அவரிடம், "பொறுமையா வெளக்கிச் சொல்றேங்கறான்" என்பேன். இரண்டு பக்கமும் முள்ளை எடுத்துவிட்டு எடுத்துவிட்டுத்தான் பரிமாறினேன். அதனால் சண்டை வளரவில்லை. பேச்சும் வளரவில்லை.

இப்படியே சில வருசம் ஓடிய பிறகு பம்பாயிலிருந்து உனக்கு வேலைக்கு ஆர்டர் வந்தது. உங்கப்பாவிடம் சொன்னது நான். "போகட்டும்" என்றார். அதை உன்னிடம் சொன்னதும் நான். நீ போவதில் எனக்கு வருத்தமில்லை கண்ணு, அதை இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படித்த பையன் நாலு ஊர் பார்க்கவேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். என் பயம் வேறு. ஒரே கூரைக்குள் என்றால் நான் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்துவிடுவேன். பம்பாய்க்கும் நம் சோமனூருக்கும் நடுவில் எப்படி நடப்பது? நீங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நீ வண்டி ஏறிவிட்டால், அந்த மௌனம் அப்படியே கெட்டித்துப்போகும், அப்புறம் சாவுக்கும் வாழ்வுக்கும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள் என்று பயந்தேன். உன் பெட்டியில் துணி மடித்து வைக்கும்போதெல்லாம் இதுதான் நினைப்பு. வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

நீ கிளம்பவேண்டிய அந்த வாரத்தில்தான் கரீம் பாய் வந்தார். உனக்குத் தெரிந்தவர்தான், ஆனால் சுமதிக்குச் சொல்லும்போது இதைச் சொல்லு: கோயமுத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் துணி பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டு, வீட்டில் உருது பேசுகிறவர், வாய் நிறைய வெற்றிலை, எப்போதும் அவசரம். நீயும் உங்கப்பாவும் குடோனில் இருந்தீர்கள். ஒரு துண்டுத் துணியை என்னிடம் கொடுத்து, "அண்ணனுக்குக் காட்டுங்கக்கா, பேங்கு வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்" என்று ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் துணியைப் பார்த்தேன். பட்டைக்குப் பட்டை சுருக்கம். எனக்கு மனசு பொறுக்குமா? உங்கப்பா தறித் துணி என்றால் பலகை மாதிரி இருக்கும் என்று ஊரே பேசுகிறது, அவர் கண்ணில் இந்தக் கசங்கல் படலாமா? தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, என் பலமெல்லாம் கொடுத்து அழுத்தித் தேய்த்தேன். நான்கு மூலையும் இழுத்து இழுத்துத் தேய்த்துப் பாதிக்கு மேல் படியவைத்துவிட்டேன். மடித்து மேசை மேல் வைத்தபோது ஏதோ ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

பாய் திரும்பி வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு வந்திருந்தீர்கள். துணியைக் கையில் எடுத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா, என்னங்க இது, இஸ்திரி போட்டுப்போட்டீங்களா? அந்தச் சுருக்கத்துக்குத்தானுங்க்கா வெள்ளைக்காரன் வாங்கறான்!" உனக்குச் சிரிப்பு வந்து சோற்றோடு புரை ஏறியது. உங்கப்பாவுக்கும் வந்தது, ஆனால் நீ சிரித்ததால் அடக்கிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பாய் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். துணியை உள்ளே அமுக்கி எடுத்து உதறினார். நான் அரும்பாடுபட்டுப் படியவைத்த சுருக்கமெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் எழுந்து வந்தது. "மேல போட்ட சுருக்கமுன்னா படியுமுங்க. இது நெய்யறப்பவே உள்ள வெச்சது. எத்தன தேச்சாலும் தண்ணி பட்டா எந்திரிச்சுரும்" என்றார்.

அப்போதுதான் நான் பெயரைக் கேட்டேன். "சீர்சக்கருங்க்கா" என்றார். எங்கள் கல்யாணச் சீர் மாதிரி இருக்கிறதே என்றேன். "அதில்லீங்க. வெள்ளைக்காரன் வாய்ல வராம அப்படி ஆக்கிப்போட்டான். அது பாரசீகச் சொல்லு. ஷீர்-ஓ-ஷக்கர். ஷீருன்னா பாலு, ஷக்கருன்னா சக்கரை. பாலும் சக்கரையும். தடவிப் பாருங்க, இந்த வழவழன்னு இருக்கற பட்டை பாலு. இந்தா, இந்தப் பொரிபொரின்னு இருக்கறது சக்கரை." நான் ஈரத் துணியைத் தடவிப் பார்த்தேன். பாய் சொன்னது அப்படியே விரலில் தெரிந்தது. அவர் மேலும் சொன்னார்: "எங்க ஊட்டுல ரெண்டு பேரு ரொம்ப ஒத்துமையா இருந்தா, அவங்க ஷீர்-ஷக்கர் ஆயிட்டாங்கன்னு சொல்லுவோமுங்க." இதைச் சொல்லிவிட்டு உங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் தெரிந்துதான் பார்த்தாரா, தெரியாமல் பார்த்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். நீ இலையைப் பார்த்தாய், உங்கப்பா சுவரைப் பார்த்தார்.

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. நான் கொடுமுடியில் பிறந்தவள், கோயிலில் பாலாபிஷேகத்துக்கு நிற்கும்போது ஐயர் க்ஷீரம், க்ஷீரம் என்பது காதில் விழுந்தே வளர்ந்தவள். "ஷீருங்கறது நம்ம க்ஷீரம் மாதிரியே இருக்குதே" என்றேன். நீ மறுநாள் காலேஜ் லைப்ரரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய், நினைவிருக்கிறதா? பாரசீக ஷீரும் சமஸ்கிருத க்ஷீரமும் ஒரே வேரில் முளைத்தவை, ஷக்கர் நம் பக்கத்துச் சர்க்கரையிலிருந்து அங்கே போனது, அந்தச் சர்க்கரைக்கே முதலில் பொடிக்கல், மணல் என்றுதான் அர்த்தம், நறநறவென்று இருப்பதால்தான் இனிப்புக்கு அந்தப் பெயர் வந்தது என்று. நம் நாட்டுச் சொல் பாரசீகம் போய், அங்கிருந்து இங்கிலீஷ்காரன் வாயில் நசுங்கி, ஆர்டர் பேப்பரில் ஏறிச் சோமனூருக்கே திரும்பி வந்திருக்கிறது என்று நீ சொன்னபோது உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உங்கப்பா உள்ளறையில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம். "கல்லுத்தான்னு சொல்லு அவங்கிட்ட. பல்லுல கடிபடற கல்லு" என்று குரல் வந்தது. நான் அதை உன்னிடம் எடுத்துச் சொல்லவில்லை. நீ ஏற்கனவே சிரித்துக்கொண்டிருந்தாய்.

ஒரு மீட்டர் சாம்பிள் நெய்து காட்டவேண்டும், பாய் வெள்ளிக்கிழமை வருவார், நீ ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறவேண்டும். கடைசித் தறியை இதற்கென்று ஒதுக்கினீர்கள். சுமதிக்குத் தறி தெரியாது, அதனால் இதையும் விவரமாகச் சொல்லு. சாதாரணத் துணிக்கு நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் சுற்றிய உருளை, அந்த பீம், ஒன்று போதும். சீர்சக்கருக்கு இரண்டு வேண்டும். பால் பட்டைக்கு ஒரு பீம், அது இறுக்கமாக நிற்கவேண்டும். சர்க்கரைப் பட்டைக்கு இன்னொரு பீம், அது தளர்ந்து நூலைத் தாராளமாக விடவேண்டும். இறுகியது இறுகி நிற்க, தளர்ந்தது மிச்ச நூலை வைத்துக்கொண்டு எழும்பிப் பொரியும். பீமை இறுக்குவதும் தளர்த்துவதும் அதன் சங்கிலியில் தொங்குகிற இரும்பு வெயிட்டுகள்தான். வெயிட் கூடினால் இறுகும், குறைந்தால் தளரும். நீ படித்தவன், இரண்டாவது பீமை ஏற்றி, வெயிட்டைக் குறைத்து ஓடவிட்டாய். சாயங்காலம் பார்த்தால் சர்க்கரை அழகாக எழும்பியிருந்தது.

காலையில் பார்த்தால் துணி பலகை. ஏனென்றால் நீ எழுந்து வருவதற்குள் உங்கப்பா போய் வெயிட்டை மாட்டிவிடுவார். வேண்டுமென்று செய்யவில்லை கண்ணு, இதை நீ நம்பவேண்டும். தளர்ந்த பாவைப் பார்த்தால் அவர் கை தானாகவே வெயிட்டைத் தேடும். முப்பது வருசமாக அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே நல்ல குணம் இறுக்கம். நீ வந்து பார்ப்பாய், ஒன்றும் பேசாமல் கழற்றி வைப்பாய். மத்தியானம் நீ சாப்பிட வந்த நேரத்தில் மறுபடி ஏறிவிடும். நான் பால் கொண்டுவருகிற சாக்கில், மோர் கொண்டுவருகிற சாக்கில் குடோனுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஃபிட்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தத் துணியைப் பார்த்தால் யார் எப்போது தறிப்பக்கம் வந்து போனார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு சாண் பொரிந்திருக்கும், ஒரு சாண் படிந்திருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் வந்துவிட்டது, ஒழுங்காக ஒரு முழம் தேறவில்லை.

இனி உனக்குத் தெரியாத பாதி. வியாழக்கிழமை கரண்ட் போயிருந்தது. ஊர் முழுக்கத் தறி நின்று, காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி அமைதி. உங்கப்பா வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார். அவர் அங்கே வந்து நிற்கிற ஆள் இல்லை. கையில் உன் சாம்பிள் துண்டு. பொரிந்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார்.  "நா மாட்டற வெயிட்டுலதான் கெடுது போல இருக்குது" என்றார்.  அப்புறம் வழக்கம் போல, "எத்தன வெயிட்டு எடுத்தாச் சரியா வருமுன்னு அவங்கிட்டக் கேளு" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "நீங்களே கேளுங்க" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு வேலையை மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.  "என்ன?" என்றார். "உங்க பையன்தானுங்க. நீங்களே கேளுங்க. ஞாயித்துக்கெழமைக்கு மேல கேக்கோணும்னாலும் அவன் இங்க இருக்கமாட்டான்" என்றேன். கீரையெல்லாம் கை தவறித் தரையில் விழுந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பின்பக்கம் போய்க் குழாயடியில் கை கழுவினார். சுத்தமான கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். அப்புறம் துண்டில் துடைத்துக்கொண்டு குடோனுக்கு நடந்தார். நான் கீரையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

நீ தறிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். அவர் உள்ளே வந்து அந்தத் தறியைப் பார்த்தார், இந்தத் தறியைப் பார்த்தார், எண்ணெய்க் கேனை எடுத்தார், வைத்தார்.  உட்கார்ந்து வாயாடிக்கொண்டிருந்த ஊடை சுற்றுகிற பெண்கள் அவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். அத்தனை காதுக்கு நடுவில் அவரால் கேட்க முடியவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, கேளுங்க, கேளுங்க என்று மனசுக்குள்ளே கெஞ்சினேன். கேட்காமலேயே திரும்பிவிடுவார் என்றுதான் தோன்றியது. அப்போது கரண்ட் வந்தது. தறியெல்லாம் ஒன்றாக எழுந்து கத்தத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் ஒருத்தரிடம் பேசவேண்டுமானால் காதில் வாயை வைத்துத்தான் பேசவேண்டும், உனக்குத் தெரியுமே. அவர் அதற்குத்தான் காத்திருந்தார் போல. ஒரே எட்டில் வந்து, குனிந்து, உன் தோளைப் பிடித்துக்கொண்டு உன் காதில் கேட்டார்.

அவர் என்ன கேட்டார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி முதலில் என்னிடம்தானே வந்தது. நீ நிமிர்ந்து அவரைப் பார்த்தாய். அந்த நேரத்தில் நீ என்னவெல்லாம் செய்திருக்கலாம்! இப்போதாவது தெரிந்ததா என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம். உதட்டோரம் ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாம். ஃபிட்டர் பக்கம் கண்ணைக் காட்டியிருக்கலாம். உனக்கு அதற்கு உரிமை இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். நீ எதுவும் செய்யவில்லை. இரண்டு விரலைக் காட்டினாய், அவ்வளவுதான். அவர் ஒரு வெயிட்டைக் கழற்றிவிட்டு அடுத்ததில் கையை வைத்துத் தயங்கியபோது, நீயும் குனிந்து அதன் அடியில் கை கொடுத்தாய். இரண்டு பேருமாக இறக்கி வைத்தீர்கள். அதற்காகத்தான் கண்ணு, முக்கியமாக அந்த ஒன்றுக்காகத்தான், உனக்கு நன்றி சொல்ல இத்தனை பக்கம் எழுதுகிறேன். ஜெயித்தவன் முகத்தை நீ அன்றைக்கு உங்கப்பாவுக்குக் காட்டவில்லை. ஒரு மனுசன் இறங்கி வரும்போது அவனுக்குக் கூச்சமில்லாமல் பார்த்துக்கொள்வது எல்லோராலும் முடியாது. அந்த வயசில் என்னால் முடிந்திருக்காது.

பாய் வெள்ளிக்கிழமை வந்து துணியைப் பார்த்து, "சக்கரை எந்திரிச்சு நிக்குதுங்க" என்று சொன்னது, ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் உங்கப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டி நகருகிறவரை இரண்டாவது பீமைப் பற்றியே பேசியது எல்லாம் உனக்குத் தெரியும். "பாத்துப் போ", "உடம்பப் பாத்துக்க" எதுவும் சொல்லவில்லை. பீமைப் பற்றித்தான். வழியனுப்ப வந்தவர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, நல்ல அழுகை. நீ என்னமோ நான் உன்னைப் பிரிகிற துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து, "ஏனுங்கம்மா, பொங்கலுக்கு வந்துருவனுங்க" என்றாய்.

நீ போன பிறகு நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிரிக்காதே. சேதி எடுத்துப்போகிற வேலை நின்றுபோனதும், எனக்கும் உங்கப்பாவுக்கும் பேச ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அத்தனை வருசமாக நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் அவனிடம் சொல்லு, அவனிடம் கேளு என்பதுதான். ஒருவர் எதிரில் ஒருவர் உட்கார்ந்து, புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி முழித்தோம். ஒரு நாள் அவர், "கொடுமுடிக்குப் போயி எவ்வளவு நாளாச்சு நீ?" என்று கேட்டார். அவர் என்னைப் பற்றிக் கேட்ட கேள்வி! எனக்கே மறந்துபோயிருந்தது. பெருந்துறை வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். காவிரியில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் போனது. படியில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். நான் சின்ன வயசில் எங்கே குளிப்பேன், எந்தத் தெருவில் பள்ளிக்கூடம் என்றெல்லாம் கேட்டார். இப்போது மாசத்துக்கு ஒரு தரமாவது எங்கேயாவது போகிறோம். இதுவும் நீ கொடுத்ததுதான். உனக்குத் தெரியாமல் கொடுத்தாய்.

உனக்கு நான் பெரிதாகப் புத்தி சொல்லப்போவதில்லை. பாலும் பழமும் கொடுக்கிற அன்றைக்கு ஆளாளுக்கு வந்து பாலில் சர்க்கரை போலக் கலந்து இருங்கள் என்று வாழ்த்துவார்கள், தலையை ஆட்டிவிடு. ஆனால் அந்தத் துணியைத் தடவிப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்தத் துணியில் சர்க்கரை கரைந்துபோவதில்லை. பக்கத்திலேயே பால் பட்டை இருக்கிறது, இருந்தாலும் அதுபாட்டுக்குப் பொரிந்து நிற்கிறது. அப்படி நிற்பதால்தான் துணி உடம்போடு ஒட்டாமல் காற்று வருகிறது. சுமதி வாயுள்ள பெண். நீ யோசித்துப் பேசுகிறவன். அவளைத் தேய்த்துப் படியவைக்கப் பார்க்காதே, உன்னைப் படியவைக்கவும் அவளை விடாதே. கோபம் வந்தால் நேரே சொல்லு, நேரே கேட்டுக்கொள். நாளைக்குக் குழந்தை பிறந்தால் அதைக் கூப்பிட்டு, அம்மாகிட்டச் சொல்லு என்று மட்டும் ஆரம்பிக்காதே. அந்த வேலை எவ்வளவு பாரம் என்று செய்தவளுக்குத்தான் தெரியும்.

கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது இவ்வளவையும் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். எங்கே சொல்வது? ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினால் உங்கப்பாதான் எடுக்கிறார். தறி, நூல், மண்டபம், சமையல்காரர், பம்பாய் மழை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போகிறீர்கள். பக்கத்தில் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். "இரு, உங்கம்மாகிட்டக் குடுக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே வைத்துவிடுகிறார். எனக்குக் கோபமில்லை. அப்படி நிற்கும்போது மனசுக்கு எத்தனை நிறைவாக இருக்கிறது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து எட்டிப் பார்த்தார். "யாருக்கு எழுதற?" என்றார். அவனுக்குத்தான் என்றேன். "இவ்வளவு பெருசா என்ன எழுதற? என்ன சொல்லோணுமோ அத எங்கிட்டச் சொல்லு, நா அவங்கிட்டச் சொல்லிப்போடறேன்" என்றார்.

வேண்டாங்க, நானே சொல்லிக்கறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

உன் அம்மா